மஞ்சள் தொண்டைச் சிட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

தாராவியில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில், "மும்பையில் பிறந்த பெரிய ஆள் யார்?" என்று கேட்டால், பிள்ளைகள் சச்சின், கவாஸ்கர் என்று கத்துவார்கள். சரிதான், இருவரும் இந்த ஊர்க்காரர்களே. ஆனால் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறவர் பறவை அறிஞர் சலீம் அலி.

1896-இல் பிறந்தவர். மூன்று வயதுக்குள் அப்பா, அம்மா இருவரையும் இழந்து, மும்பை கேத்வாடியில் தாய்மாமா வீட்டில் வளர்ந்தார். மாமா வாங்கிக்கொடுத்த ஏர்கன்னால் பத்துப் பன்னிரண்டு வயதில் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டார். எடுத்துப் பார்த்தால், தொண்டையில் மஞ்சளைத் தொட்டு வைத்தது போல ஒரு பொட்டு! நாம் ஜன்னலில் பார்க்கிற குருவிக்கு அது கிடையாது. இதைச் சாப்பிடலாமா, கூடாதா? மாமாவுக்கும் தெரியவில்லை. ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பிவைத்தார்.

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வெள்ளைக்காரர் காலம். மும்பை ஃபோர்ட் பகுதியில் கழகத்தின் பெரிய அலுவலகம். வாசலில் செத்த குருவியோடு ஒரு சின்னப் பையன். உள்ளே இருந்த செயலாளர் மில்லர்ட் அவனை விரட்டவில்லை. இது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னார். அதோடு விடாமல், பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து காட்டினார். படிக்கப் புத்தகமும் கொடுத்தார். ஆமாம், விரட்டவில்லை. வகுப்பிலும் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஒரு பெரியவர் அன்றைக்குக் கொஞ்ச நேரம் ஒதுக்கியதால்தான் நமக்கு சலீம் அலி கிடைத்தார்.

அப்புறம் 1930. அருங்காட்சியகத்தில் அவர் பார்த்துவந்த வேலை போய்விட்டது. கடலுக்கு அக்கரையில், அலிபாக் பக்கம் கிஹிம் என்ற ஊரில் போய்த் தங்கினார். அங்கே உட்கார்ந்து பார்த்தது தூக்கணாங்குருவியை! ஊரில் பனை ஓலையில் கூடு தொங்குமே, அதேதான். ஆண் குருவி பாதிக் கூடு பின்னி வைக்கும். பெண் வந்து பார்க்கும். அதற்குப் பிடித்தால்தான் ஆண் மீதியை முடிக்கும். முடித்த கையோடு, இன்னொரு பெண்ணுக்காகப் பக்கத்திலேயே அடுத்த கூட்டைத் தொடங்கிவிடும். குரங்குக்குப் புத்தி சொன்ன தூக்கணாங்குருவிக் கதை நம் எல்லோருக்கும் தெரியும். அது கூடு கட்டுகிற இந்தக் கதையை வெளியே சொன்னவர் சலீம் அலி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். அணு விஞ்ஞானி ஹோமி பாபா பற்றியும் பேச நினைத்திருந்தேன், முடியாது போலிருக்கிறது. ஒன்று மட்டும். தாராவிக்கு எதிரே, சயான்–பாந்த்ரா இணைப்புச் சாலையில் மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா இருக்கிறதே, அது ஊர்க் குப்பையைக் கொட்டிய இடம். அங்கே 1983-இல் முதல் மரக்கன்றை நட்டவர் சலீம் அலிதான். காலை வெயில் ஏறுவதற்குள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். என்ன பறவை என்று கேட்டால், தெரியாவிட்டாலும் நின்று பாருங்கள்.

வணக்கம்.