கேரளா யுனிவர்சிட்டிக்கு ரயில்ல போறியளா? சென்ட்ரல்ல இறங்கிராதீங்க மக்களே!

மக்களே, வணக்கம். இன்னைக்கு இன்ட்ரோ மியூசிக் எல்லாம் கிடையாது. ஃபேன் சத்தம் கேட்டா பொறுத்துக்கிடுங்க, அதை நிப்பாட்டுனா நான் வெந்துருவேன்.

ஒரு ரீல்ஸ் சுத்திக்கிட்டிருக்கு, உங்கள்ல பாதிப் பேரு எனக்கே அனுப்பிட்டிய. "நாகர்கோவில் டு கேரளா யுனிவர்சிட்டி, ஒன் டே ட்ரிப்". யாரு போட்டதுன்னு சொல்ல மாட்டேன். அதுல என்ன சொல்லுதாங்கன்னா, திருவனந்தபுரம் சென்ட்ரல்ல இறங்கு, வெளிய வந்து ஆட்டோ பிடி, கேம்பஸ் வந்துரும், அவ்வளவுதான். கேட்டதும் எனக்கு உச்சி வரைக்கும் ஏறிட்டு. எந்த கேம்பஸ் வே? அதைச் சொல்லணும்லா முதல்ல!

கேட்டுக்கிடுங்க. கேரளா யுனிவர்சிட்டிக்கு ரெண்டு இடம் உண்டு. ஒண்ணு பாளையம், செனட் ஹவுஸ். ஊருக்கு நடுவுல, எம்.ஜி. ரோட்டு மேலயே. ஆபீஸ், பரீட்சைப் பிரிவு, சர்டிபிகேட் வேலை எல்லாம் அங்கதான். இன்னொண்ணு காரியவட்டம். படிப்புத் துறைகள்ல பெரும்பாலானது, ஆராய்ச்சி, ஓலைச்சுவடி நூலகம் எல்லாம் அங்க. ரெண்டுக்கும் இடையில பத்து கிலோமீட்டருக்கு மேல இருக்கு. தமிழ்நாட்டு டிகிரி அங்கயும் செல்லும்னு ஈக்குவலன்சி சர்டிபிகேட் வாங்கப் போறவங்க காரியவட்டத்துல போய் நின்னா, "பாளையத்துக்குப் போகணும்"னு திருப்பி விடுவாங்க. எம்.ஏ. சேரணும், துறையைப் பாக்கணும்னு வந்தவங்க பாளையத்துல போய் நின்னா, பெரும்பாலான துறை அங்க கிடையாது.

அதனால பாளையம்னா சென்ட்ரல். காரியவட்டம்னா கழக்கூட்டம். ஆப்புல கே, இசட், கேன்னு அடிச்சா கழக்கூட்டம் வந்துரும்.

இப்போ அந்த ஆட்டோ கணக்கு. இதை விட மாட்டேன், நோட்டு கொண்டு வந்திருக்கேன். கேரளாவுல 2022 மே மாசம் வச்ச ரேட்டு: முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 30 ரூபா, அதுக்கு மேல கிலோமீட்டருக்கு 15. கழக்கூட்டம் ஸ்டேஷன்ல இருந்து காரியவட்டம் கேம்பஸ் மூணு கிலோமீட்டர் பக்கம். 30 ரூபா, மிச்சம் ஒன்றரைக்கு இருபத்திரெண்டரை, மொத்தம் ஐம்பத்திரெண்டரை ரூபா. சென்ட்ரல்ல இருந்து போனா பதிமூணு கிலோமீட்டர் பக்கம் வரும். முதல் ஒன்றரைக்கு 30 ரூபா போக மிச்சம் பதினொன்றரை கிலோமீட்டர், அதுக்கு நூத்தி எழுபத்திரெண்டரை. மொத்தம் இருநூத்திரெண்டரை ரூபா. அதுவும் மீட்டர் போட்டாத்தான். வழியில உள்ளூர், ஸ்ரீகாரியம்னு வர்ற ரெண்டு ஊர்ப் பக்கம் நெரிசல்ல நின்னா வெயிட்டிங் வேற ஏறும். ரயில் டிக்கெட்டைவிட ஆட்டோவுக்கு எத்தனை மடங்குன்னு நீங்களே பாத்துக்கிடுங்க. நூத்தம்பது ரூபா, மக்களே! சும்மா ஒரு ஸ்டேஷன் தள்ளி இறங்குனா மிச்சம்!

ஒரு ஸ்டேஷன் இல்ல, இருங்க. சென்ட்ரல் தாண்டி பேட்டை, அப்புறம் கொச்சுவேளி, அப்புறம் வேளி, அப்புறம் கழக்கூட்டம். கொச்சுவேளி பேரை மாத்தி இப்போ திருவனந்தபுரம் நார்த்னு ஆக்கிட்டாங்க. நேமம் திருவனந்தபுரம் சவுத். பேருல திருவனந்தபுரம் இருக்குன்னு நேமத்துல இறங்கிராதீங்க, கேட்டியளா.

அடுத்தது டிக்கெட். அன்ரிசர்வ்டு தான், முன்பதிவு எல்லாம் இந்தத் தூரத்துக்கு வேண்டாம். ரயில்வேயோட ரயில்ஒன் ஆப்புலயே எடுக்கலாம். ஆனா ஆப்புல "ட்ரெயின் டைப்"னு ஒரு இடம் வரும் பாத்தியளா, ஆர்டினரி, மெயில் எக்ஸ்பிரஸ், சூப்பர்ஃபாஸ்ட்னு. எல்லாரும் மாட்டுகது அங்கதான். ஆர்டினரில குறைஞ்ச கட்டணம் 10 ரூபா, எக்ஸ்பிரஸ்ல 30. கொரோனா நேரத்துல பாசஞ்சருக்கும் 30 வாங்குனாங்க, 2024 பிப்ரவரியிலதான் திரும்ப 10 ஆக்குனாங்க. சரி, விலை குறைஞ்சிட்டுன்னு எல்லாரும் ஆர்டினரிய அமுக்கிட்டு, வர்ற வண்டில ஏறிடுதாங்க. நம்ம லைன்ல பழைய பாசஞ்சர் சிலது இப்போ எக்ஸ்பிரஸ்! புனலூர்–மதுரை வண்டி அப்படித்தான். நாகர்கோவில்–கோட்டயமும் அப்படித்தான். அதே பெட்டி, அதே ஸ்டாப்பிங், நம்ம வாயிலயும் இன்னும் "புனலூர் பாசஞ்சர்"தான். ஆனா ஆர்டினரி டிக்கெட்டோட உள்ள இருந்தா டிடிஇ கட்டண வித்தியாசத்தோட குறைஞ்சது 250 ரூபா அபராதம் போடுவாரு. அவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல, ரூல் அப்படி.

எப்படிக் கண்டுபிடிக்க? வண்டி நம்பர்ல முதல் எண்ணைப் பாருங்க. 5ல தொடங்குனா பாசஞ்சர், 6ல தொடங்குனா மெமு (கரண்டுல ஓடுத லோக்கல் வண்டி), ரெண்டுக்கும் ஆர்டினரி போதும். 16ன்னு தொடங்குனா எக்ஸ்பிரஸ். 12, 20, 22ன்னா சூப்பர்ஃபாஸ்ட், அதுக்கு மேல 15 ரூபா கூடுதல். 2025 ஜனவரில பாசஞ்சருக்குப் பழைய நம்பரைத் திருப்பிக் குடுத்ததால இந்தக் கணக்கு இப்போ சரியா வேலை செய்யுது. அதுக்கு முன்னால எல்லாம் சைபர்ல தொடங்கி ஒரு எளவும் விளங்காது. எது வரும்னு உறுதியாத் தெரியலன்னா எக்ஸ்பிரஸ் டிக்கெட்டே எடுத்துருங்க. அதை வச்சுக்கிட்டு பாசஞ்சர்ல ஏறலாம், ஆர்டினரிய வச்சுக்கிட்டு எக்ஸ்பிரஸ்ல ஏற முடியாது.

இன்னொண்ணு, ஆப்புல பேப்பர்லெஸ், அதாவது போன்லயே காட்டுத டிக்கெட், எடுக்கணும்னா ஸ்டேஷனுக்கு வெளிய நின்னு எடுத்துருங்க. பிளாட்பாரத்துல நின்னு அமுக்குனா எடுக்காது. உள்ள வந்துட்டியன்னா சுவத்துல ஒட்டியிருக்க க்யூஆரை ஸ்கேன் பண்ணி எடுக்கணும். எடுத்து மூணு மணி நேரத்துக்குள்ள பயணம் தொடங்கணும், அதனால முந்தின நாள் ராத்திரியே எடுத்து வைக்க நினைக்காதீங்க. திரும்பி வர டிக்கெட்டும் திரும்பும்போதுதான்.

டிக்கெட்ல இறங்குமிடம் கழக்கூட்டம்னே போடுங்க. எல்லா வண்டியும் சென்ட்ரல்ல நிக்கும், கழக்கூட்டத்துல எல்லாம் நிக்காது, சிலது சென்ட்ரலோட முடிஞ்சிரும். வண்டி விவரம் காட்டுத ரயில்வேயோட என்டிஇஎஸ் ஆப்புல ஸ்டாப்பிங் பாத்துட்டு ஏறுங்க. உங்க வண்டி அங்க நிக்காதுன்னா சென்ட்ரல்ல மாறி, கொல்லம் பக்கம் போற வண்டி பிடிங்க. ஸ்டேஷனை விட்டு வெளிய போகாம மாறணும்.

ஆ, நாகர்கோவில்லயே ஒரு சிக்கல் உண்டு, அதைச் சொல்லாம தாண்டிட்டேன். ஜங்ஷன் கோட்டாறுல இருக்கு. டவுன் ஸ்டேஷன் வேற. திருநெல்வேலில இருந்து வர்ற சில வண்டி ஜங்ஷனுக்குள்ள வராது. வந்தா இன்ஜினைக் கழட்டி மறுபக்கம் மாட்டணும், அதனால பைபாஸ் லைன்ல டவுன் வழியாப் போயிரும். உங்க வண்டி எந்த ஸ்டேஷன்னு பாக்காம கோட்டாறுல போய் சாயா குடிச்சுக்கிட்டு நின்னா வண்டி அந்தப் பக்கமாப் போயிட்டே இருக்கும்.

வழியப் பத்தி நான் எப்பவும் சொல்லுகதுதான். வலது பக்கம் உக்காந்தா மலை தெரியும், இரணியல் வரைக்கும் அருமையா இருக்கும். ஆனா காலை வெயிலும் அந்தப் பக்கம்தான். நான் வெயில் கட்சி. குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரைல இருந்து ஆபீஸ் கூட்டம் ஏறும், சீசன் டிக்கெட் ஆளுங்க. அப்புறம் உங்க பை உங்க மடியிலதான். இந்த லைன் 1979ல போட்டது, இரட்டைப் பாதை வேலை நடந்துக்கிட்டே இருக்கு. ஒத்தப் பாதை வர்ற இடத்துல எதிர்வண்டிக்காக நிப்பாட்டுவான். சென்ட்ரல்ல பிளாட்பாரம் காலி இல்லன்னா நேமத்துல போட்டுருவான். அதுக்கு அரை மணி நேரம் தனியா ஒதுக்கிக்கிடுங்க.

கழக்கூட்டத்துல இறங்கி ஜங்ஷனுக்கு வந்தா பஸ் உண்டு, சாதா பஸ்ல குறைஞ்ச கட்டணம் 10 ரூபா. இங்க ஒரே ஒரு விஷயத்துல கவனமா இருங்க. திருவனந்தபுரம் டவுனுக்கு ரெண்டு வழி, ஸ்ரீகாரியம் வழி ஒண்ணு, பைபாஸ் வழி ஒண்ணு. காரியவட்டம் ஸ்ரீகாரியம் வழியிலதான். பைபாஸ் பஸ்ல ஏறுனா டெக்னோபார்க்கைப் பாத்துக்கிட்டே சாக்கை வரைக்கும் போயிருவிய. போர்டு மலையாளத்துல இருக்கும், வாசிக்கத் தெரியாதவங்க "காரியவட்டம் கேம்பஸ் போகுமோ?"ன்னு ஏறும்போதே கேட்டுருங்க. கண்டக்டர் தலையாட்டுனா மட்டும் ஏறுங்க.

கேம்பஸ் பெருசு. கேட்ல இருந்து துறைகளுக்கு நடை இருக்கு, மரம் நிறைய உண்டு, ஆனா மழை வந்தா ஒதுங்க இடம் பாத்து ஓடணும். குடை கட்டாயம். அந்தப் பக்கம் தெரியுத கிரீன்ஃபீல்டு ஸ்டேடியமும் யுனிவர்சிட்டி நிலத்துலதான் கட்டுனது, 2015 தேசிய விளையாட்டுக்கு.

நம்ம ஆளுங்க ஏன் அங்க போகணும்னு ஒருத்தர் கேட்டிருந்தாரு. ஏன்னா அது நம்ம யுனிவர்சிட்டியும் தானே! 1937ல திருவிதாங்கூர் யுனிவர்சிட்டின்னு தொடங்குனது. 1956 நவம்பர் வரைக்கும் நம்ம கன்னியாகுமரி மாவட்டம் திருவனந்தபுரம் பக்கம்தான். ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, தெ.தி. இந்துக் கல்லூரி எல்லாம் அப்போ அதுக்குக் கீழதான் இருந்துச்சு. வீட்டுல தாத்தாவோட பழைய சர்டிபிகேட் இருந்தா எடுத்துப் பாருங்க. தமிழ்த் துறை அழகப்பச் செட்டியார் குடுத்த கொடையில 1940கள்ல வந்தது. தமிழறிஞர் வையாபுரிப் பிள்ளை 1950கள் தொடக்கத்துல அங்க பேராசிரியரா இருந்திருக்காரு. மொழியியல் துறைய 1963ல தொடங்குன வ.அய். சுப்பிரமணியம் நம்ம வடசேரிக்காரரு. பின்னால தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கு முதல் துணைவேந்தர் ஆனாரு.

எனக்கு அங்க பிடிச்ச இடம் சுவடி நூலகம், கீழ்த்திசை ஆராய்ச்சி நிறுவனம். அறுபதாயிரத்துக்கு மேல நூல்கள் சுவடியா இருக்கு. போய் நின்னதும் எடுத்துக் காட்ட மாட்டாங்க. முன்கூட்டியே கேட்டு, அடையாள அட்டையும் உங்க கல்லூரில இருந்து ஒரு கடிதமும் கொண்டு போங்க. ஓலையை முதல்ல பாக்கும்போது எழுத்து கண்ணுல அகப்படாது. எழுத்தாணியால கீறுனது வெறும் கோடுதான். கரியை எண்ணெயில குழைச்சுத் தடவித் தொடச்சா, மேல இருக்கது போயி கீறலுக்குள்ள மட்டும் கரி தங்கும், அப்போதான் எழுத்து கறுப்பா எழும்பி வரும். மெய்யெழுத்துக்குப் புள்ளி தேடாதீங்க, பழைய சுவடில பெரும்பாலும் இருக்காது. ஓலையில குத்துனா பொத்துக்கிடும். புல்தைல வாசம் அடிக்கும், அது பூச்சிக்காகத் தடவுகது. ஓலை ஓரத்தை விரலால நீவாதீங்க, உதிரும். ஃபிளாஷ் போட்டு போட்டோ எடுக்கவே கூடாது.

கணபதி சாஸ்திரி, திருநெல்வேலிப் பக்கத்து ஆளு, பாசன்னு ஒரு பழைய கவிஞரோட வடமொழி நாடகங்களைக் கண்டுபிடிச்சு 1912ல இருந்து பதிப்பிச்சாரே, அந்தச் சுவடி கிடைச்சது நம்ம பத்மநாபபுரம் பக்கம் மணலிக்கரை மடத்துல. அவரு நடத்துன பதிப்புத் துறைதான் பின்னால யுனிவர்சிட்டியோட சேந்து இந்த நூலகமாச்சு. தக்கலைக்காரங்க காலரைத் தூக்கி விட்டுக்கிடலாம்.

அய்யோ, நாள்! எந்த நாள் போகணும்னே சொல்லல. இரண்டாம் சனி கூடவே கூடாது, கேரளாவுல அரசு விடுமுறை. சனி, ஞாயிறு ரெண்டுமே வேண்டாம், திங்கள் முதல் வெள்ளிக்குள்ள போங்க. ஆபீஸ் நேரம் பத்தேகாலுக்குத் தொடங்கும், ஒன்னேகால்ல இருந்து ரெண்டு மணி வரைக்கும் சாப்பாடு. ஒரு மணிக்குப் போய் ஜன்னல்ல நின்னா நிக்க வேண்டியதுதான். ஓணம் லீவுல போகாதீங்க. நம்ம பொங்கல், தீபாவளி லீவை வச்சு அங்க கணக்குப் போடாதீங்க. ஹர்த்தால், அதாவது பந்த், இருக்கான்னு முந்தின நாள் ராத்திரி பாத்துருங்க. ரயில் ஓடும், இறங்குனா பஸ்ஸும் இருக்காது, சாயாக்கடையும் இருக்காது.

சாப்பாட்டுக்கு, பாளையம் வேலையா சென்ட்ரல்ல இறங்குறவங்க தம்பானூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் இந்தியன் காபி ஹவுஸ் போங்க. லாரி பேக்கர்ங்கிற கட்டடக் கலைஞர் கட்டுனது, செங்கல்ல சுருள் சுருளா மேல போகும், மேசை எல்லாம் அந்தச் சரிவு ஓரமாவே போட்டிருப்பாங்க. கட்டடத்துக்கு நூத்துக்கு நூறு. மசால் தோசைக்கு நான் மார்க் போட மாட்டேன், உள்ள பீட்ரூட்! தோசைக்குள்ள சிவப்பு மசாலாவப் பாத்தா எனக்கு ஆகவே ஆகாது. காபியும் கட்லட்டும் சொல்லுங்க. கட்லட்லயும் பீட்ரூட்தான், ஆனா அதுல எனக்குப் பிரச்சினை இல்ல, ஏன்னு கேக்காதீங்க.

திரும்பும்போது அஞ்சேகாலுக்கு ஆபீஸ் விட்டதும் தெக்கே வர்ற வண்டில கால் வைக்க இடம் இருக்காது. நாலு மணிக்கே வேலை முடிஞ்சா உடனே கிளம்பிருங்க. அது முடியலன்னா புனலூர்–மதுரை வண்டிதான், அது சென்ட்ரலுக்கு வர ராத்திரியாயிரும். அதுக்கு எக்ஸ்பிரஸ் டிக்கெட், திரும்பவும் சொல்லுதேன். அதுவும் விட்டுட்டா ஸ்டேஷன் எதிர்லயே தம்பானூர்ல நாகர்கோவில் பஸ் நிக்கும், கேரளா வண்டியும் உண்டு நம்ம வண்டியும் உண்டு. பாலராமபுரத்துல நெரிசல் இருக்கும், களியக்காவிளை தாண்டிட்டா ஓரளவு ஓடிரும்.

பாளையம் ஆபீஸ்ல எந்தச் சர்டிபிகேட்டுக்கு எந்த பில்டிங்னு கேட்டிருக்கிய. அதைத் தனி வீடியோவாப் போடுதேன், இதுலயே சேத்தா நீளும். போன்ல சார்ஜும் முடியப் போகுது. வாறேன் மக்களே.