நடுங்கினால் குளிர்தானா?

வணக்கம் நேயர்களே. சின்ன நாய் வளர்ப்பவர்கள் என்னிடம் அடிக்கடி சொல்லும் வாசகம் ஒன்று உண்டு: "குளிருது போல டாக்டர், நடுங்கிக்கிட்டே இருக்கு." பல நேரம் அது சரிதான். சின்ன உடம்பில் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். இடிச் சத்தம் கேட்டாலும் நடுங்கும், வலி இருந்தாலும் நடுங்கும்.

அதனால் முதலில் ஒன்று செய்யுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். தூக்கத்தில் கால் துடிக்கிற நாய் குரல் கேட்டதும் விழித்துப் பார்த்தால், அது கனவு கண்டிருக்கிறது, அவ்வளவுதான். உடம்பெல்லாம் வெட்டி இழுக்கும்போது கூப்பிட்டும் உங்களைத் தெரியவில்லை என்றால் வலிப்பாக இருக்கலாம். வாய்க்குள் விரலை விடாதீர்கள். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் காத்திருக்கவே கூடாது.

ஓர் இரவு, குட்டி போட்டு மூன்று வாரமான ஒரு சின்னஞ்சிறு தாய் நாயை ஓர் அம்மா தூக்கி வந்தார். இரண்டு போர்வை சுற்றியிருந்தது. பிரித்தால் உள்ளே அனல். கால்கள் குச்சி போல விறைத்து நின்றன. கண்ணுக்கு மேலே தோல் மட்டும் விட்டுவிட்டுத் துடித்தது. காய்ச்சல் 41 டிகிரி செல்சியஸ். நாய்க்கு 39 வரை சாதாரணம். பால் வழியாகக் கால்சியம் போய்ப் போய், ரத்தத்தில் அது வற்றிவிட்டது. தசைகள் ஓயாமல் இழுத்ததில் ஏறிய சூடு அது. அதன் மேல்தான் போர்வை!

நரம்பில் கால்சியத்தை மெதுவாக, மிக மெதுவாக ஏற்றினேன். ஒரு கையில் ஊசி, இன்னொரு கை அதன் நெஞ்சில் வைத்த ஸ்டெதஸ்கோப்பில். வேகமாக ஏற்றினால் இதயமே நின்றுவிடலாம். கொஞ்ச நேரத்தில் தாடை தளர்ந்தது. என் விரலை நக்கியது. "நான்தானே போர்த்தினேன்" என்று அந்த அம்மா அழுதார். நடுங்குகிற உயிரைப் பார்த்தால் யார் கையும் போர்வையைத்தான் தேடும். அவரை எப்படிக் குறை சொல்வது?

சினைக்காலம் முழுக்கக் கால்சியம் மருந்தும் கொடுத்திருக்கிறார், நல்லது என்று நம்பி. வெளியிலிருந்து தாராளமாக வந்துகொண்டே இருந்தால், தேவைப்படும்போது எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும் உடம்பின் ஏற்பாடு மந்தமாகிவிடுகிறது. டாக்டர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். குட்டிகளை ஒரு நாளாவது தாயிடமிருந்து பிரித்து, புட்டிப்பால் கொடுக்கச் சொல்லி அனுப்பினேன்.

சரி, குட்டி நாய்க்கு வருவோம். மிகச் சிறிய இனக் குட்டிகள் ஒரு வேளை சாப்பிடாமல் விட்டாலே ரத்தச் சர்க்கரை இறங்கித் தள்ளாடும், நடுங்கும். ஈறில் சர்க்கரைப் பாகைத் தடவிவிட்டு உடனே கிளம்புங்கள். விழுங்க முடியாத குட்டியின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

மால்டீஸ் போன்ற வெள்ளை நாய்களில், நினைவு தெளிவாக இருக்கும்போதே உடம்பு முழுக்க நடுங்கும் ஒரு நோய் உண்டு. மற்ற நிற நாய்களுக்கும் வரும். ஸ்டீராய்டு மருந்தில் பெரும்பாலும் அடங்கும். டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் வந்து பிழைத்த சில நாய்களுக்குத் தூக்கத்திலும் தசை ஒரே தாளத்தில் துடிக்கும்.

நேரம் முடிகிறது என்று சைகை வந்துவிட்டது. நடுக்கம் வரவைக்கும் விஷம் பற்றியும் விரிவாகப் பேச நினைத்தேன். சாக்லேட், சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த சூயிங்கம், பூஞ்சை பிடித்த உணவு, இவற்றில் எதைத் தின்றிருந்தாலும் அந்த உறையையோ மிச்சத்தையோ கையோடு கொண்டு வாருங்கள். அப்புறம், நடுங்கும்போதே போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். எங்கள் மேஜைக்கு வருவதற்குள் அது பெரும்பாலும் நின்றுவிடும். நன்றி, வணக்கம்.