கப் முதலில், சம்பளம் பின்னால்: எமிலி ஸ்காரட்

எல்லோருக்கும் வணக்கம். இன்றைக்கு எமிலி ஸ்காரட். இங்கிலாந்துப் பெண்கள் ரக்பி அணிக்கு 119 ஆட்டம், 754 புள்ளி. அந்த அணியில் வேறு யாரும் இவ்வளவு எடுத்ததில்லை. 2025 அக்டோபரில் ஓய்வை அறிவித்தார். ரெக்கார்டு எல்லாம் தேடினால் கிடைத்துவிடும். நான் பேச வந்தது இவருடைய சம்பளக் கதையை.

லெஸ்டர் பக்கத்துப் பெண். 16 வயதில் அமெரிக்காவில் கூடைப்பந்து ஆட ஸ்காலர்ஷிப் வந்தது, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ரக்பியில் காசு இல்லை என்று தெரிந்தேதான். 2008-இல், 18 வயதில், இங்கிலாந்து அணிக்குள் வந்தார். அப்போது அந்த அணியில் எல்லோருக்கும் வேறு வேலை இருந்தது. பின்னாளில் கேப்டனான கேட்டி மெக்லீன் பள்ளி ஆசிரியை. முன்வரிசையில் முட்டி மோதுகிற சோஃபி ஹெம்மிங் கால்நடை மருத்துவர். ஸ்காரட் ஒரு பள்ளியில் பி.டி. பிரிவில் வேலை பார்த்தார்.

இப்படிப்பட்ட அணிதான் 2014 ஆகஸ்டில் பாரிஸில் உலகக் கோப்பை இறுதிக்குப் போனது. எதிரில் கனடா. கடைசிச் சில நிமிடம், 14-9. கனடா ஒரு டிரை வைத்தால் சமன், கன்வர்ஷனும் போனால் கப்பே கை மாறிவிடும். டிரை என்றால் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்துவது, 5 புள்ளி. அதற்குப் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் 2. அந்த நேரத்தில் ஸ்காரட் கையில் பந்து வருகிறது. தடுப்பு வரிசையில் ஒரு சின்ன சந்து, உள்ளே புகுந்து போய் டிரை. மூச்சு வாங்கி முடிக்கும் முன் கன்வர்ஷனும் இவரே உதைக்க வேண்டும். உதைத்தார், உள்ளே போனது. 21-9. அந்த 21-இல் 16 இவருடையது.

சரி, ஜெயித்தாயிற்று, சம்பளம்? கொஞ்ச நாளிலேயே 20 பேருக்கு முழுநேர ஒப்பந்தம் வந்தது. ஆனால் அது ஏழு பேர் ஆடும் செவன்ஸுக்கு, ரியோ ஒலிம்பிக்கை மனதில் வைத்து. உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்தது ஒரு ஆட்டம், சம்பளம் வேறு ஆட்டத்துக்கு! ஸ்காரட் அதிலும் கேப்டனாகப் போய், 2016-இல் வெண்கலத்தை அதே கனடாவிடம் இழந்தார்.

2017-இல் நடந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சல். வழக்கமான 15 பேர் ஆட்டத்துக்குக் கொடுத்திருந்த ஒப்பந்தங்கள் உலகக் கோப்பைக்குப் பிறகு புதுப்பிக்கப்படாது என்ற செய்தி, கோப்பை தொடங்கும் முன்பே வெளியே வந்தது. வேலை போகப்போகிறது என்று தெரிந்துகொண்டே இறுதிவரை வந்து நியூசிலாந்திடம் தோற்றார்கள்.

கடைசியில் 2019 ஜனவரியில் அந்த 15 பேர் ஆட்டத்துக்கே 28 பேருக்கு முழுநேர ஒப்பந்தம் கிடைத்தது. அந்த ஆண்டு உலகின் சிறந்த வீராங்கனை யார்? ஸ்காரட். தற்செயல் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அப்புறம் உடம்பு படுத்தியது. 2021-இல் கால் முறிவு, 2023-இல் கழுத்தில் அறுவை சிகிச்சை. இடையில் 2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் மறுபடி நியூசிலாந்து, 34-31, மறுபடி தோல்வி.

2025 இவருக்கு ஐந்தாவது உலகக் கோப்பை. இங்கிலாந்தில் அதுவரை யாரும் ஐந்து ஆடியதில்லை. ஆடக் கிடைத்தது அமெரிக்காவுடன் நடந்த முதல் ஆட்டம் மட்டும், அதுவும் மாற்று ஆட்டக்காரராக. இறுதி ஆட்டத்துக்கான, மாற்று ஆட்டக்காரர்களும் சேர்ந்த 23 பேரில் பெயர் இல்லை. லண்டனில் ட்விக்கன்ஹாம் மைதானத்தில் 81,885 பேர் பார்க்க வந்தார்கள். கனடாவை 33-13 என்று வென்றார்கள். 2010 இறுதி நடந்த ஸ்டூப் மைதானம் அங்கிருந்து நடந்து போகிற தூரம்தான். அன்று 20 வயது ஸ்காரட் தோற்றபோது வந்திருந்தது 13,000 பேருக்குக் கொஞ்சம் மேல்.

கடைசியில் ஆடவிடவில்லையே என்று பரிதாபப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 35 வயதில் அந்த அணியில் இடம் பிடித்ததே பெரிய விஷயம். இப்போது லஃப்பரோ லைட்னிங் கிளப்பில் பயிற்சியாளர். செவன்ஸ் எப்படி ஆடுவது என்று தனியாக ஒரு வீடியோ போடுகிறேன், அதில் பார்ப்போம்.