நீடிலைக் கடைசியில் தொடுங்கள்: ஃபோர்-ஸ்ட்ரோக் குளோ எஞ்சினைச் சீரமைக்கும் முறை

நேயர்களுக்கு வணக்கம்.

மாதிரி விமானத்தில் ஃபோர்-ஸ்ட்ரோக் குளோ எஞ்சின் பொருத்திப் பறக்கவிடுகிறவர்களுக்கான உரை இது. எஞ்சின் முரண்டு பிடித்தால் பலருக்கும் கை நேராக நீடிலுக்குத்தான், அதாவது கார்புரேட்டரில் எரிபொருளின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஊசித் திருகுக்குத்தான், போகும். அங்கேதான் கோளாறு தொடங்குகிறது. வால்வு இடைவெளி, டேங்கின் உயரம், எரிபொருள் குழாய், குளோ பிளக் ஆகிய நான்கில் ஏதாவது ஒன்று சரியில்லை என்றால், நீடிலை எவ்வளவு திருகினாலும் எஞ்சின் வழிக்கு வராது. ஆகவே நீடிலைக் கடைசியில்தான் தொட வேண்டும். எண்கள் கொஞ்சம் அதிகமாக வரும். பக்கத்தில் தாளும் பேனாவும் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானின் ஓ.எஸ். நிறுவனம் 1976-இல் எஃப்.எஸ்.-60 என்ற எஞ்சினைக் கொண்டுவந்த பிறகு இந்த வகை பரவலானது. சைட்டோ, என்யா, ஒய்.எஸ். என்று பல பெயர்கள் பின்னால் வந்தன. பம்பும் அழுத்தச் சீராக்கியும் கொண்ட ஒய்.எஸ். எஞ்சின்களுக்கு நடைமுறை வேறு. நான் சொல்லப்போவது சாதாரண கார்புரேட்டர் உள்ளவற்றுக்கு.

குளோ எஞ்சினில் தீப்பொறிக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் கருவி எதுவும் கிடையாது. பிளக்கில் இருக்கும் பிளாட்டினம் கலந்த கம்பிச் சுருள் மெத்தனாலோடு வினைபுரிந்து தணல் போலக் கனன்றுகொண்டே இருக்கும். கலவை எப்போது பற்றிக்கொள்ளும் என்பதைக் கலவையின் அளவும், பிளக்கின் சூடும், புரொப்பெல்லரின் பாரமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. அதாவது நீடிலைத் திருகும்போது எரிபொருளின் அளவோடு தீப்பற்றும் நேரத்தையும் மாற்றுகிறீர்கள். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வெடிப்பு. நடுவில் ஒரு சுற்று முழுக்கக் கம்பி அணையாமல் சூட்டைத் தாங்கியாக வேண்டும். அதனால்தான் ஓ.எஸ். 'எஃப்' வகை போல ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கென்றே செய்த பிளக்கைப் போடச் சொல்கிறார்கள். சூட்டைக் குறைவாகத் தக்கவைக்கும் குளிர்ந்த வகை பிளக்கைப் போட்டுவிட்டு, ஐடிலில், அதாவது மிகக் குறைந்த வேகத்தில், நின்றுபோகிறது என்று கார்புரேட்டரைப் பழிப்பதில் நியாயமில்லை.

முதலில் வால்வு இடைவெளி, அதாவது வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தும் ராக்கர் கைக்கும் இடையில் உள்ள நூலிழை இடம். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். கை பொறுக்கும் சூடுகூட ஆகாது. அலுமினிய சிலிண்டர் சூட்டில் ராக்கரைத் தள்ளும் எஃகுக் கம்பியான புஷ்ராடைவிட அதிகமாக நீளும். எனவே ஓடும்போது இடைவெளி கூடத்தான் செய்யும். குளிர்ந்த நிலையில் ஓ.எஸ். எஞ்சின்களுக்கு 0.04 முதல் 0.10 மில்லிமீட்டர் வரை இருந்தால் சரி. மற்றவையும் ஏறத்தாழ இதே அளவுதான், கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். இடைவெளியை அளக்க 0.04, 0.10 மில்லிமீட்டர் தடிமனில் இரண்டு ஃபீலர் தகடுகள் தேவை.

ராக்கர் மூடியைக் கழற்றுங்கள். பிளக்கையும் கழற்றிவிட்டால் எஞ்சின் லேசாகச் சுற்றும். ஆனால் அழுத்தம் கையில் தெரியாது, ஆகவே கண்ணால் பார்த்துத்தான் நிலையைக் கண்டுபிடிக்க வேண்டும். புரொப்பெல்லரை ஓடும் திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். கார்புரேட்டர் பக்கத்து வால்வு, அதாவது இன்டேக், கீழே இறங்கித் திரும்ப மேலே வந்து மூடும். அதற்குப் பிறகு பிஸ்டன் உச்சிக்கு வரும் இடம்தான் கம்ப்ரஷன் உச்சி. பிளக் துளையில் ஒரு மரக்குச்சியை லேசாக விட்டுப் பார்த்தால் உச்சி எது என்று தெரிந்துவிடும். இரும்புக் கம்பியை விடாதீர்கள். இப்போது இரண்டு ராக்கரையும் விரலால் அசைத்தால் மிக நுண்ணிய ஆட்டம் இருக்க வேண்டும். ஒன்று இறுக்கமாக இருந்தால் அநேகமாகத் தவறான உச்சியில் நிற்கிறீர்கள். இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள்.

லாக் நட்டைக் கால் சுற்றோ அரைச் சுற்றோ தளர்த்துங்கள். 0.04 தகட்டை வால்வுத் தண்டுக்கும் ராக்கருக்கும் இடையில் செருகி, திருகைத் தகட்டின்மேல் மெல்லத் தொடும் வரை இறக்குங்கள். பிறகு திருகைச் சிறு சாவியால் அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். நட்டோடு திருகும் சேர்ந்து நகர்ந்து இடைவெளி மாறிவிடுவது இங்கே சர்வசாதாரணம். எஞ்சினை இரண்டு சுற்று சுற்றி அதே உச்சிக்குக் கொண்டுவந்து மறுபடி பாருங்கள். 0.04 லேசான உரசலோடு நுழைய வேண்டும், 0.10 நுழையக் கூடாது.

இடைவெளியே இல்லாவிட்டால் வால்வு முழுக்க மூடாது. அழுத்தம் கசியும், ஸ்டார்ட் ஆக மறுக்கும், ஐடில் ஆட்டம் காணும், நாளடைவில் வால்வின் விளிம்பே கருகிவிடும். அதிகமாக இருந்தால் சடசடவென்று சத்தம் வரும், வால்வு தாமதமாகத் திறந்து சீக்கிரம் மூடும், சக்தி குறையும். கொஞ்சம் சத்தம் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும், இறுக்கமாக மட்டும் விடாதீர்கள். புது எஞ்சினைப் பழக்கி முடித்ததும் ஒரு முறை பார்க்க வேண்டும். அதன் பிறகு சக்தி குறைந்தாலோ சத்தம் மாறினாலோ பார்த்தால் போதும்.

அடுத்தது டேங்க். டேங்கின் உயரத்தில் சரிபாதிக் கோடு கார்புரேட்டரின் நீடில் மட்டத்திலோ, அதற்கு ஐந்து முதல் பத்து மில்லிமீட்டர் கீழோ வர வேண்டும். அதற்கு மேலே போனால் நிறுத்தி வைத்திருக்கும்போதே எரிபொருள் எஞ்சினுக்குள் வழியும். ரொம்பக் கீழே போனால் டேங்க் காலியாகக் காலியாகக் கலவை வற்றிக்கொண்டே, அதாவது அதில் எரிபொருள் குறைந்துகொண்டே, போகும். மஃப்ளரிலிருந்து வரும் அழுத்தக் குழாயைக் கட்டாயம் டேங்கில் இணையுங்கள். டேங்குக்குள் எரிபொருளை உறிஞ்சும் குழாயின் எடைமுனை பின்சுவரில் முட்டாமல் தாராளமாக ஆட வேண்டும். டேங்கைச் சுற்றி நுரைப்பஞ்சு வையுங்கள், இல்லாவிட்டால் அதிர்வில் எரிபொருள் நுரைத்துக் காற்றுக் குமிழ்கள் குழாயில் வரும். ஓடும்போது குழாயில் குமிழ் தெரிந்தால் நீடிலைத் தொடாதீர்கள். டேங்குக்குள் இருக்கும் குழாயில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கலாம், ஃபில்டரின் மரை தளர்ந்திருக்கலாம். அதைத் தேடுங்கள்.

எரிபொருள்: மெத்தனாலோடு 10 முதல் 15 சதவீதம் நைட்ரோமீத்தேன், 18 முதல் 20 சதவீதம் எண்ணெய். எண்ணெயில் ஒரு பகுதி விளக்கெண்ணெயாக இருந்தால் கலவை வற்றும் நேரத்தில் கைகொடுக்கும். மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், டப்பாவைத் திறந்து போடாதீர்கள். நைட்ரோ சதவீதத்தை மாற்றினால் நீடிலையும் மாற்றியாக வேண்டும். நைட்ரோ கூடினால் நீடில் இன்னும் திறக்க வேண்டியிருக்கும்.

புரொப்பெல்லர் அளவும் சீரமைப்பில் சேர்த்திதான். 0.52 கன அங்குல எஞ்சினுக்கு 12-க்கு 6 (விட்டம் 12 அங்குலம், ஒரு சுற்றில் முன்னேறும் அளவு 6 அங்குலம்), 0.70-க்கு 13-க்கு 6, 0.91-க்கு 14-க்கு 6, 1.20-க்கு 16-க்கு 6 என்று தொடங்கலாம். தரையில் த்ராட்டிலை, அதாவது வேகக் கட்டுப்பாட்டை, முழுக்கத் திறந்து நிமிடத்துக்கு 9,000-லிருந்து 10,000 சுற்று வரை வந்தால் பொருத்தம் நன்றாக இருக்கிறது. அதற்கு வெகுவாகக் கீழே நின்றால் பாரம் அதிகம். எஞ்சின் சூடேறிக் கலவை முன்கூட்டியே பற்றிக்கொள்ளும். அப்படி முன்கூட்டிப் பற்றும்போது, கூழாங்கல்லைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்குவது போன்ற ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்ட நொடியே த்ராட்டிலை இறக்குங்கள். இறக்காவிட்டால் அடுத்தபடியாக எஞ்சின் பின்னோக்கி உதைக்கும், நட் கழன்று புரொப்பெல்லர் பறந்துபோகும். இதற்காகத்தான் ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இரட்டை நட் கொடுக்கிறார்கள். ஒரு நட்டோடு ஓட்டவே கூடாது. மரப் புரொப்பெல்லர் என்றால் மரம் அமுங்கும், ஒவ்வொரு முறை பறக்கவிடும் முன்னும் இறுக்கிப் பாருங்கள். கண்ணாடி அணியுங்கள். புரொப்பெல்லர் சுற்றும் தளத்துக்கு நேராகப் பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது. சீரமைப்பதெல்லாம் எஞ்சினுக்குப் பின்னால் நின்றுதான்.

ஸ்டார்ட் செய்யும்போது ஒரே ஓர் எச்சரிக்கை. எரிபொருள் அதிகமாகிச் சிலிண்டருக்குள் தேங்கினால் புரொப்பெல்லர் கல்லில் முட்டியது போல் நிற்கும். அப்போது மின்சார ஸ்டார்ட்டரை அழுத்தினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிளக்கைக் கழற்றி, எஞ்சினைக் கவிழ்த்துக் கையால் சுற்றி வடித்துவிடுங்கள்.

இனி நீடில். எரிபொருள் தூக்கலாக இருந்தால் ரிச், காற்று தூக்கலாக இருந்தால் லீன். டூ-ஸ்ட்ரோக்கில் லீன் பக்கம் போகும்போது சத்தம் பளிச்சென்று மாறும், காது போதும். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் அந்த மாற்றம் மழுங்கலாகத்தான் கேட்கும். காதை நம்பி உச்சத்தைப் பிடிப்பவர் பெரும்பாலும் உச்சத்தைத் தாண்டி லீனில் நிற்பார். ஆகவே சுற்றை எண்ணும் டேக்கோமீட்டர் வைத்துக்கொள்வதே மேல். அதில் இரண்டு இறக்கையா, மூன்று இறக்கையா என்று சரியாகத் தேர்ந்தெடுங்கள். குழல் விளக்கின் கீழ் அளக்காதீர்கள், அது விளக்கின் துடிப்பையும் சேர்த்து எண்ணிவிடும்.

கையேட்டில் சொன்ன அளவு நீடிலைத் திறந்து ஸ்டார்ட் செய்து, ஓரிரு நிமிடம் சூடாகவிட்டு, பிளக் மின்னிணைப்பை எடுத்துவிட்டு, முழு த்ராட்டிலுக்குப் போங்கள். நீடிலைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி, ஒவ்வொரு முறையும் சில நொடி காத்திருங்கள். ஃபோர்-ஸ்ட்ரோக் நிதானமாகத்தான் பதில் சொல்லும். சுற்று ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றுவிடும். அங்கிருந்து திறந்து, 200 முதல் 300 சுற்று குறையும்படி ரிச் பக்கம் வாருங்கள். பிறகு விமானத்தின் மூக்கை வானம் பார்க்கத் தூக்கிப் பிடியுங்கள். சுற்று அப்படியே நின்றால், அல்லது சற்றே ஏறினால் நல்லது. இறங்கினால் இன்னும் ரிச் தேவை. விடிகாலைக் குளிரில் காற்று அடர்த்தி அதிகம். முந்தைய நாள் மதிய வெயிலில் அமைத்த நீடில் காலையில் லீனாகிவிடும். எனவே நாளின் முதல் ஓட்டத்துக்கு முன் நீடிலை இரண்டு மூன்று பல் (திருகும்போது 'கிளிக்' என்று நிற்கும் படி) திறந்து வைப்பது நல்ல பழக்கம்.

உயர்வேக நீடில் முடிந்த பிறகே ஐடில் கலவை. இங்கே ஒரு பொறி இருக்கிறது. சில கார்புரேட்டர்களில் ஐடிலுக்கு இரண்டாவது நீடில் இருக்கும். த்ராட்டில் உருளையின் நடுவில் அதன் திருகு தெரியும். அதை வலப்பக்கம் திருகினால் லீன். வேறு சிலவற்றில் காற்றுத்துளைதான் உண்டு. கார்புரேட்டர் உடலின் முன்பக்கம் ஒரு சிறு ஓட்டையும் அதை மறைக்கும் திருகும் இருக்கும். அதை வலப்பக்கம் திருகினால் காற்று அடைபட்டு ரிச் ஆகும். எந்த வகை என்று தெரியாமல் திருகினால் நேர் எதிராகப் போவீர்கள்.

ஐடிலை 2,000 முதல் 2,500 சுற்றில் வைத்து, பத்துப் பதினைந்து நொடி ஓடவிட்டு, த்ராட்டிலைச் சட்டென்று முழுக்கத் திறங்கள். புகைவிட்டுத் திக்கித் திணறி ஏறினால் ரிச். சத்தமில்லாமல் பொசுக்கென்று நின்றுபோனால் லீன். ஒரு நேரத்தில் அரைக்கால் சுற்றுக்கு மேல் திருகாதீர்கள். இன்னொரு சோதனை: ஐடிலில் எரிபொருள் குழாயைப் பின்னாலிருந்து நசுக்குங்கள். சுற்று மெல்லச் சற்றே கூடிப் பிறகு அணைந்தால் சரியான கலவை. கூடாமலே அணைந்தால் லீன். வெகுவாகக் கூடினால் ரிச். பிளக் இணைப்பை எடுத்ததும் ஐடில் தொய்ந்தால், ரிச்சா என்று பார்க்கும் முன் வேறு பிளக் போட்டுப் பாருங்கள். கம்பி பளபளப்பு மங்கி நெளிந்திருந்தால் பிளக்கின் காலம் முடிந்தது. ஐடிலை மாற்றியதும் உயர்வேக நீடிலை மறுபடி சரிபாருங்கள், ஒன்று மற்றதைக் கொஞ்சம் இழுக்கும்.

எஞ்சினின் அடிப்பாகத்தில் ஒரு சிறு குழாய் முனை இருக்கும், அதிலிருந்து கறுத்த எண்ணெய் சொட்டும். கசிவு என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள். பிஸ்டனைத் தாண்டி வரும் வாயுவும் எண்ணெயும் வெளியேறும் வழி அது. கேமுக்கும் பேரிங்குக்கும் கிடைக்கும் எண்ணெய் அந்த ஒழுக்குதான். ஒரு குழாயை மாட்டி விமானத்துக்கு வெளியே விட்டால் போதும்.

பேரிங் துரு பிடிப்பதுதான் இந்த எஞ்சின்களின் பெரிய நோய். எரிந்த நைட்ரோவின் அமிலமும் மெத்தனாலின் ஈரமும் உள்ளேயே தங்கிவிடுகின்றன. நாள் முடிவில் குழாயை நசுக்கி, உள்ளே இருக்கும் எரிபொருள் தீரும்வரை ஓட்டி அணையுங்கள். பிளக் துளையில் சில சொட்டு, அந்தக் குழாய் முனை வழியாகச் சில சொட்டு என்று துருத்தடுப்பு எண்ணெய் விட்டு, கையால் பத்துச் சுற்று சுற்றுங்கள். மாதக்கணக்கில் வைக்கப்போகிறீர்கள் என்றால் கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்தி வையுங்கள். அந்த நிலையில் இரண்டு வால்வும் மூடியிருக்கும், ஈரக் காற்று உள்ளே போகாது, ஸ்பிரிங்கும் அழுந்தியே கிடக்காது.

வணக்கம்.