தொடர்மாடியில் வளரும் நாய்க்கு ஓட்டம் மட்டும் போதுமா?

(காட்சி: வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் ஐந்தாம் மாடி. பால்கனிக் கம்பிகளுக்கிடையே மூக்கை நீட்டியபடி ஒரு நாய் குரைத்துக்கொண்டிருக்கிறது.)

வணக்கம். காலை எட்டு மணிக்கு வீட்டார் வேலைக்கும் பள்ளிக்கும் புறப்பட்டுவிட, மாலை ஆறு மணிவரை இரண்டு அறைகளுக்கும் ஒரு பால்கனிக்கும் இடையில் தனித்துக் கிடக்கும் இந்த நாய், கீழே போகும் ஒவ்வொரு முச்சக்கரவண்டியையும் பார்த்துக் குரைக்கிறது. கதவுநிலையைக் கடித்துச் சிதைக்கிறது. வீட்டுக்காரர் திரும்பியதும் அவர்மேல் பாய்ந்து விழுகிறது. அயலவர்கள் முறையிடுகிறார்கள். "குழப்படி நாய்" என்று வீட்டிலும் பெயர் வைத்தாயிற்று.

அந்தப் பெயரை ஏற்க எனக்கு மனம் வருவதில்லை. நாம் விரும்பி வாங்கும் இனங்களின் பழைய தொழிலை எண்ணிப் பாருங்கள். ஜெர்மன் ஷெப்பர்ட், 1899ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஆட்டு மந்தைக் காவல் நாய்களிலிருந்து உருவாக்கப்பட்ட இனம். லாப்ரடோர், வேட்டையில் வீழ்ந்த பறவையை நீரிலும் நிலத்திலும் தேடி எடுத்து வந்த நாய். பீகிள், முயலின் மோப்பத்தைப் பிடித்து மைல்கணக்கில் ஓடியது. தேடுவதற்கும் தீர்மானிப்பதற்கும் என்று தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுக்கப்பட்ட ஒரு மூளைக்கு நாம் கொடுப்பது ஒரு தட்டுச் சோறும் பத்து மணிநேரத் தனிமையும் என்றால், அது தனக்குத் தானே ஒரு வேலையைத் தேடிக்கொள்ளும். பால்கனிக் காவல் அத்தகைய வேலைகளில் ஒன்று.

(காட்சி: விடியற்காலை, காலிமுகத்திடல். கயிற்றில் ஒரு நாய் நடந்து வருகிறது.)

முதலில் உடற்பயிற்சி. வளர்ந்த, ஆரோக்கியமான நாய்க்கு அன்றாட நடை கட்டாயம் வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் கொழும்பில் நேரம் பார்த்தே வெளியே இறங்க வேண்டும். இங்கே ஆண்டு முழுவதும் பகல் வெப்பநிலை 30 பாகை செல்சியசை ஒட்டியே இருக்கிறது. காற்றிலோ ஈரப்பதம் அதிகம். நாய் நம்மைப்போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. காற்று ஈரமாக இருக்கும்போது அந்த வழியும் மந்தமாகிவிடுகிறது. நாயின் இயல்பான உடல் வெப்பநிலை ஏறத்தாழ 38.3 முதல் 39.2 பாகை வரை. அது 41 பாகையைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. பக், புல்டாக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஆகவே சூரியன் ஏறுவதற்கு முன்னரும், இருட்டித் தரை ஆறிய பின்னரும் நடத்துங்கள். புறங்கையைத் தார்வீதியில் வைத்து ஏழு விநாடிகள் உங்களால் பொறுக்க முடியாவிட்டால், நாயின் பாதத்தாலும் பொறுக்க முடியாது. நடையில் நாய் தள்ளாடினாலோ வாயில் எச்சில் கட்டியாக வடிந்தாலோ, உடனே நிழலுக்குக் கொண்டுசென்று குளிர்ந்த தண்ணீரால் உடலை நனைத்து, காற்றுப்படச் செய்து, தாமதிக்காமல் மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள்.

இனி, பலர் செய்யும் தவறு ஒன்று. நாய் அடங்கவில்லை என்றதும் பந்தை எடுத்து, ஐம்பது தடவை நூறு தடவை எறிந்து, அது களைத்து விழும்வரை ஓடவிடுகிறார்கள். நானும் என் லாப்ரடோரை அப்படித்தான் மாதக்கணக்கில் ஓட்டினேன். அன்று அவன் தூங்கினான். ஆனால் மூன்று மாதத்தில் அதே தூக்கத்துக்கு இருமடங்கு ஓட்டம் தேவைப்பட்டது. உடல் பழகப் பழக வலிமை கூடுகிறது. இடைவிடாத துரத்தலோ நாயைக் கிளர்ச்சியிலேயே நிறுத்திவைக்கிறது. வீட்டுக்குத் திரும்பிய பிறகும் பந்து எப்போது வரும் என்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்த அவனது கண்களில் ஓய்வு இல்லை என்பதை நான் காலந்தாழ்த்தியே கண்டுகொண்டேன்.

(காட்சி: மரைன் டிரைவ் ஓரம். நாய் ஒரு புல்திட்டில் நெடுநேரம் மோந்துகொண்டு நிற்கிறது, கயிறு தளர்ந்திருக்கிறது.)

மனிதனின் மூக்கில் மோப்ப உணர்விகள் சுமார் 50 இலட்சம் என்றால், நாயின் மூக்கில் 20 கோடிக்கும் மேல். கடற்காற்றில் வரும் மீன் வாடை, நேற்றிரவு அவ்வழியே போன தெருநாய், யாரோ சிந்திய பால்தேநீர் ஆகிய அனைத்தையும் அந்தப் புல்திட்டில் அது வாசித்துக்கொண்டிருக்கிறது. அவசரத்தில் கயிற்றைச் சுண்டி இழுக்கும் நாம், நடையின் மிகப் பயனுள்ள பகுதியைப் பறித்துவிடுகிறோம். இருபது நிமிட நடையில் பாதியையாவது மூக்கின் போக்கில் விடுங்கள். தெருநாய்கள் அருகில் வந்தால் நேருக்கு நேர் நிற்காமல் வளைந்து விலகிப் போங்கள். விசர்நாய்த் தடுப்பூசியை ஒழுங்காகப் போட்டுவிடுங்கள்.

மே மாதத்தில் தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி மழை தொடங்கி, நாட்கணக்கில் வெளியே கால் வைக்க முடியாதபோதும் இந்த மூக்குக்கு வீட்டுக்குள்ளேயே வேலை கொடுக்கலாம். நாயின் உணவில் ஒரு பங்கைத் தட்டில் போடாமல், ஒரு பழைய துவாயில் தூவிச் சுருட்டி வையுங்கள். அது பழகிய பிறகு, அவித்த கோழியிறைச்சித் துண்டுகளை, உப்பும் வெங்காயமும் சேர்க்காமல், அறைக்கு அறை ஒளித்து வைத்துத் தேடச் சொல்லுங்கள். வெங்காயம் நாயின் இரத்த அணுக்களைச் சிதைக்கும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். தேங்காய் மட்டையைக் கடிக்கக் கொடுப்பவர்கள் அருகிலேயே இருக்க வேண்டும். விழுங்கிய தும்பு குடலில் அடைத்துக்கொள்ளக்கூடும்.

சொற்களும் மூளைக்கு வேலைதான். அமெரிக்காவில் சேசர் என்ற பார்டர் கோலி நாய், மூன்று ஆண்டுப் பயிற்சியில் 1,022 பொருள்களின் பெயர்களைக் கற்றுக்கொண்டது. நம் வீட்டு நாய்க்கு "இரு", "வா", "விடு" ஆகிய மூன்றும் உறுதியாகத் தெரிந்தாலே பெரும் மாற்றம் காணலாம். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், சரியாகச் செய்த கணத்திலேயே ஒரு சிறு துண்டு, அவ்வளவுதான். தும்புத்தடியைக் காட்டி மிரட்டாதீர்கள். உறுமியதற்கு அடி வாங்கிய நாய் உறுமுவதை நிறுத்தலாம், ஆனால் அதன் பயம் நிற்பதில்லை. அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் கடிக்கும். பிள்ளைகள் உள்ள வீட்டில் இது மிகப் பெரிய ஆபத்து.

பயிற்சியால் தீராதவையும் உண்டு. தீபாவளி வெடிச் சத்தத்துக்கு நடுங்கும் நாயையும், தனித்து விட்டதும் எச்சில் வடித்து ஊளையிடும் நாயையும், திடீரென்று சீறத் தொடங்கிய வயதான நாயையும் எவ்வளவு ஓட்டினாலும் பயனில்லை. முதல் இரண்டும் பயம். மூன்றாவது பெரும்பாலும் மூட்டு வலி போன்ற ஏதோ ஒரு நோவு. அவற்றுக்கு மிருக வைத்தியரின் ஆலோசனை வேண்டும்.

(காட்சி: வரவேற்பறை. தரையில் ஒரு மடித்த சாக்கு; அதன்மேல் நாய் படுத்திருக்கிறது.)

நான் மிக முக்கியமாகக் கருதும் பாடம் ஓய்வெடுக்கக் கற்பிப்பது. சாக்கின்மேல் நாய் தானாகப் படுக்கும்போதெல்லாம், எதுவும் பேசாமல், முன்னங்கால்களுக்கிடையே ஓர் உணவுத் துண்டை வையுங்கள். முதலில் சத்தமில்லாத அறையில் இரண்டு நிமிடம், பிறகு வீட்டார் நடமாடும்போது ஐந்து நிமிடம் என்று வளர்த்து, அதன்பின் லிஃப்ட் மணி கேட்கும் நேரத்தில் செய்து பாருங்கள். இதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். மணி அடித்ததும் நாய் வாசலுக்குப் பாயாமல் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிட்டால், மறுநாள் சாக்கை ஓர் அடி வாசல்பக்கம் நகர்த்தலாம்.