120 ரூபாய் மதர்போர்டில் மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்

வணக்கம் மக்களே. சால்டரிங் வீடியோ அடுத்த வாரம். "செம்புக்கு மூடுவிழா, இனி எல்லாம் கார்பன்தான்" என்கிற வீடியோவை ஆளாளுக்கு அனுப்பிவிட்டீர்கள், எரிச்சல் தாங்கவில்லை. கார்பன் பாலிமர்கள், அதாவது மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்குகள், செம்போடு போட்டிக்கே வரவில்லை. செம்பால் முடியாத இடத்துக்குத்தான் வருகின்றன.

இதோ, காயலான் கடையில் வாங்கிய கம்ப்யூட்டர் மதர்போர்டு. கடைக்காரர் 300 கேட்டார். "அண்ணே, இது ஆன் ஆகாது, பாகம் எடுக்கத்தான்" என்றேன். 250 என்றார். நான் படியிறங்கியதும் கூப்பிட்டு 120க்குக் கொடுத்தார். நூற்று இருபது! இதில் இருக்கும், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கே அந்த விலை பெறும்.

கிட்டே காட்டுகிறேன். இந்த மூலையில் இருக்கும் கெப்பாசிட்டர் (மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் பாகம்) தலையில் சிலுவை போலக் கீறல் தெரிகிறதா? உள்ளே திரவம், சூடேறினால் உப்பி அங்கேதான் பிளக்கும். பிராசசர் பக்கத்தில் வரிசையாக நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை மொழுமொழுவென்று இருக்கிறது. உள்ளே மின்சாரம் கடத்தும் பாலிமர். வற்றிப்போக அதில் திரவமே இல்லை. எனக்கு மிகவும் பிடித்த பாகம் இது.

இந்தப் பிளாஸ்டிக்கின் கதை தொடங்கியது டோக்கியோவில். 1967இல் வேதியியலாளர் ஷிராகாவாவின் ஆய்வகத்தில் வினையூக்கி ஆயிரம் மடங்கு கூடுதலாக விழுந்துவிட, பாலிஅசிட்டிலீன் என்ற கார்பன் பாலிமர் வெள்ளிபோல மின்னும் படலமாக வந்தது. பிறகு அமெரிக்காவில் மெக்டயார்மிட், ஹீகர் என்ற இரு விஞ்ஞானிகளோடு சேர்ந்து அதில் அயோடின் ஏற்றினார்கள். கடத்துதிறன் ஒரு கோடி மடங்கு ஏறியது! 1977இல் வெளியிட்டார்கள், 2000இல் மூவருக்கும் நோபல்.

அட, ஏன் கடத்துகிறது என்று சொல்லவே இல்லையே. கார்பன் சங்கிலியில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும். அயோடின் சில எலக்ட்ரான்களைப் பிடுங்கிக்கொள்ளும். அந்தக் காலியிடம் சங்கிலி வழியே நகரும், அதுதான் மின்னோட்டம்.

ஆனால் பாலிஅசிட்டிலீன் காற்றுப் பட்டால் கெட்டுவிடும். அதனால்தான் சந்தைக்கு வந்தது பெடாட் என்ற இன்னொரு பாலிமர். முதலில் போட்டோ பிலிமில் நிலைமின்சாரம் சேராமலிருக்கப் பூசினார்கள், இன்று கெப்பாசிட்டருக்குள் இருக்கிறது. உங்கள் போனின் ஓஎல்இடி திரையில் ஒளிர்வதும் கார்பன் சேர்மங்கள்தான். கோடாக்கில் டாங்கும் வான் ஸ்லைக்கும் 1987இல் காட்டிய வழி அது. அதிலும் நீலம்தான் சீக்கிரம் மங்குகிறது. அதைச் சரிசெய்தோம் என்று யாராவது வீடியோ போட்டால் அனுப்புங்கள், ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்க்கிறேன்.

ஒன்றை மறந்துவிட்டேன். இந்தக் கெப்பாசிட்டர் உருளைகளைக் கழற்றி வேறு சர்க்யூட்டில் போடலாமா என்று கேட்பீர்கள். தலையில் 6.3 என்று அச்சிட்டிருக்கிறது பாருங்கள், அது தாங்கும் வோல்ட். 12 வோல்ட் லைனில் போட்டுவிடாதீர்கள்.