வாளையாருக்கு மேலே

நேயர்களுக்கு வணக்கம். வாளையார், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் வாழும் நமக்கு மாநில எல்லை என்றால் சோதனைச் சாவடியும் வரிசையில் காத்திருக்கும் லாரிகளும்தான். மேலே பறக்கும் விமானங்களுக்கு அந்த எல்லை கிடையாது. தென்னிந்தியாவின் பெரும்பகுதி வான்வெளி சென்னையின் பொறுப்பில் உள்ள வான்பரப்பான சென்னை வான்தகவல் மண்டலத்துக்குள் அடங்குகிறது. ஆயினும் அங்கே வேறு எல்லைகள் உண்டு. கோவையில் ஒரு விமானம் புறப்பட அனுமதி தருபவர் விமான நிலையக் கோபுரத்தில் இருக்கும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர். அது மேலேறியதும் விமான நிலையத்தைச் சுற்றிய வான்வெளியைக் கவனிக்கும் அப்ரோச் பிரிவுக் கட்டுப்பாட்டாளர்களும், இன்னும் உயரத்தில் ஏரியா கட்டுப்பாட்டு மையத்தினரும் பொறுப்பேற்கிறார்கள். ஒருவர் விட்டுவிட்டார், அடுத்தவர் இன்னும் ஏற்கவில்லை என்னும் நிலை ஒரு நொடிகூட வரக் கூடாது.

விமானங்களை ஒன்றுக்கொன்று விலக்கி வைப்பதே இவர்களுடைய முதற்கடமை. 29,000 அடிக்கும் 41,000 அடிக்கும் இடையே, மேலும் கீழுமாகச் செல்லும் இரு விமானங்களுக்கு நடுவில் பொதுவாக 1,000 அடி இருந்தாக வேண்டும். அதற்கான உத்தரவைச் சொல்வதோடு வேலை முடிவதில்லை. விமானி அதைத் திருப்பிச் சொல்வதைக் கேட்டு, பிசகு இருந்தால் அப்போதே திருத்த வேண்டும். பேசுவதைவிட இந்தக் கேட்பதுதான் கடினம் என்பது என் கருத்து. எதிர்பார்த்த எண்ணே காதில் விழுவது மனித இயல்பு.

1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே சவுதி விமானமும் கசகஸ்தான் விமானமும் வானில் மோதி 349 பேர் இறந்தனர். 15,000 அடியில் நிற்க வேண்டிய கசகஸ்தான் விமானம், 14,000 அடி ஒதுக்கப்பட்ட சவுதி விமானத்தின் பாதைக்கே இறங்கிவிட்டது. எதிரே விமானம் வருவதைக் கட்டுப்பாட்டாளர் முறையாக எச்சரித்திருந்தார். ஆனால் அன்று டெல்லியில் அவருக்கு வாய்த்த ரேடார் விமானம் இருக்கும் இடத்தைக் காட்டியதே தவிர உயரத்தைக் காட்டவில்லை. விமானியின் வாய்ச்சொல்லை நம்புவதைத் தவிர அவருக்கு வழியில்லை. இதற்குப் பிறகே, வேறொரு விமானம் ஆபத்தாக நெருங்கினால் ஏறவோ இறங்கவோ விமானிக்குச் சொல்லும் மோதல் தவிர்ப்புக் கருவியை இந்தியா கட்டாயமாக்கியது.

கருவி வந்ததால் புதுச் சிக்கலும் வந்தது. 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் உபர்லிங்கன் நகருக்கு மேலே, கருவி ஒரு விமானத்தை ஏறச் சொல்ல, கட்டுப்பாட்டாளர் அதையே இறங்கச் சொன்னார். விமானி அவர் சொற்படி இறங்க, அது இன்னொரு விமானத்துடன் மோதியது. 71 பேர் மாண்டனர். தனியாளாக இரண்டு திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கட்டுப்பாட்டாளரை மட்டும் குற்றம் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. அப்படி அமர்த்தியவர்களுக்கும் அதில் பங்குண்டு. கருவியின் கட்டளையே முதன்மையானது என்பது அதன் பின் ஐயத்துக்கு இடமின்றி வரையறுக்கப்பட்டது. அக்கட்டளைக்கு விமானி கீழ்ப்படிவதாக அறிவித்தால், கட்டுப்பாட்டாளர் அந்த விமானத்தின் போக்கை மாற்ற முற்படக் கூடாது. ஆபத்து விலகி விமானம் பழைய உத்தரவுக்குத் திரும்பியதாக விமானி சொன்ன பிறகே அதை விலக்கி வைக்கும் பொறுப்பு மீண்டும் கட்டுப்பாட்டாளரிடம் வருகிறது.